பேடல் உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

தோஹாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாரக்கடைசி என்றால் கிரிக்கெட், இல்லாவிட்டால் தூக்கம், அவ்வளவுதான் என் விளையாட்டு வாழ்க்கை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மனையில் திடீரென்று கண்ணாடிக் கூண்டுகள் முளைத்தன. பேடல் கோர்ட்டாம், பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று, சுவரில் பட்டு வரும் பந்தையும் திருப்பி அடித்து ஆடும் ஆட்டம். ராத்திரி பதினொரு மணிக்கும் ‘டொக் டொக்’ என்று சத்தம், நடுநடுவே சிரிப்பு. டென்னிஸ் சரியாக வராதவர்கள் சுவர் வைத்து ஆடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

போன வருடம் கலீஃபா டென்னிஸ் ஸ்குவாஷ் வளாகத்தில் கத்தார் மேஜர் என்ற பேடல் போட்டி நடந்தபோது கூட வேலை பார்ப்பவர் ஒருவர் வர முடியாமல் போய் டிக்கெட்டை என் கையில் திணித்தார். சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று போனேன். முதல் அரைமணி நேரம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஆளுக்கு ஒரு மட்டை, அதில் நரம்பு கிடையாது, ஓட்டை போட்ட பலகை மாதிரி இருக்கிறது (அதற்கு ஸ்பானிஷில் ‘பாலா’ என்று பெயர், என் தம்பி பெயரும் அதுதான், அன்றிலிருந்து வீட்டில் அவனை மட்டை என்றுதான் கூப்பிடுகிறோம்). சர்வீஸை இடுப்புக்குக் கீழே தட்டித்தான் போட வேண்டும். ஸ்கோர் டென்னிஸ் போலத்தான். ஆனால் பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். அர்ஜென்டினாக்காரர், எழுபது இருக்கும், இங்கே வேலை பார்க்கும் மகளைப் பார்க்க வந்தவர். கையில் ஒரு குடுவை, அதற்குள் உலோக உறிஞ்சுகுழல், பக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க். மாத்தே என்று அவர்கள் குடிக்கும் இலைக் கசாயம். நான்கு முறை உறிஞ்சிவிட்டு வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். அதே குழலில்தான் குடிக்க வேண்டுமாம், துடைத்தால் மரியாதையில்லையாம், மகள் எட்டிப் பார்த்துச் சொன்னாள். நிலவேம்பு குடித்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. நான் முகம் சுளிக்காமல் குடித்ததும் பெரியவருக்கு என் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்ன முதல் பாடம்: பந்தை விடு, காலைப் பார். நெட் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரின் காலை மட்டும் பார் என்றார். பார்த்தேன். இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கயிறு கட்டியிருப்பது போல ஒருவர் ஓரம் போனால் மற்றவர் நடுவுக்கு நகர்கிறார், ஒருவர் பின்வாங்கினால் மற்றவரும் பின்வாங்குகிறார். பின்னால் நிற்கும் ஜோடி தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிப் போடுகிறது, நெட்டில் நின்றவர்கள் பின்னால் ஓடுகிறார்கள், உடனே இவர்கள் முன்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சண்டை மொத்தமும் அந்த நெட்டோர இடத்துக்குத்தான், எங்கள் ஊர் வரப்புத் தகராறு மாதிரி, ஒரு அடி விட்டுக்கொடுத்தால் போச்சு. அதுவரை நான் ஓங்கி அடிப்பதுதான் ஆட்டம் என்று நினைத்து, ஸ்மாஷ் வரும்போது மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தேன். நான் கைதட்டிய பல அடிகள் பின்சுவரில் பட்டு எதிராளிக்கு லட்டு மாதிரி திரும்பிப் போனவை. பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதற்குத்தான் என்று பிறகே உறைத்தது.

தலைக்கு மேல் வரும் பந்தை அடித்து நொறுக்காமல், தோள் உயரத்தில் மட்டையைச் சாய்த்து வெட்டிப் போடும் அடிக்கு ‘பந்தேஹா’ என்று பெயர். தட்டு என்று பொருள். பெரியவர் எழுந்து நின்று, டீக்கடைப் பையன் தட்டு ஏந்தி வருவது போலக் கையை வைத்துக் காட்டினார், பின்வரிசையில் ஒருவர் உட்காரச் சொல்லிக் கத்தினார். புள்ளி எடுப்பதற்காக அடிக்கும் அடி இல்லையாம் அது, நெட்டை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கான அடி. அதையே பக்கவாட்டுச் சுழலோடு வேகமாக அடித்தால் ‘விபோரா’. விரியன்! பெயர் வைத்தவன் பாம்பைப் பார்த்தவன்தான், கண்ணாடியில் பட்டதும் அது சீறிக்கொண்டு ஓரமாக ஓடுகிறது.

கடைசி ஆட்டத்தில் அப்போதைய நம்பர் ஒன் ஜோடி கோயெல்லோவும் தாபியாவும் வந்தார்கள். கோயெல்லோ இடக்கை, ஆறடிக்கு மேல் உயரம், வலப்பக்கம் நிற்கிறார். தாபியா வலக்கை, இடப்பக்கம். அதனால் இருவருடைய வலுவான கையும் நடுவில் வந்துவிடுகிறது, நடுவில் போட்டுப் பிழைக்கலாம் என்றால் வழியில்லை. தாபியாவை ‘கட்டமார்க்காவின் மோட்சார்ட்’ என்பார்கள். கட்டமார்க்கா அர்ஜென்டினாவில் அவர் பிறந்த மாகாணம். பெரியவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது, ஏதோ பேரனைப் பற்றிச் சொல்வது போல. அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்கினேன்.

உங்களுக்கு எப்போது, எங்கே பிடிபட்டது? எழுதுங்கள்.

*

நான் பாரிஸ். இருபது வருடத்துக்கு மேலாக டென்னிஸ் பார்க்கிறவள், அதனால் எனக்கு இது ஏதோ விடுமுறை விளையாட்டு என்ற இளக்காரம் இருந்தது. 1969-இல் மெக்சிகோவில் அகாபுல்கோ கடற்கரையில் ஒரு பணக்காரர் தன் வீட்டு முற்றத்தில் சுவர் எழுப்பித் தொடங்கியதாம், எனவே என் இளக்காரம் முழுக்கப் பிழையும் இல்லை. மகனின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஆடுகிறார்கள் என்று அவன் கரைச்சல் தந்ததால் ரோலன் காரோ டென்னிஸ் வளாகத்தில் நடந்த பேடல் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிலிப் ஷாத்ரியே அரங்குக்குள் போய் இருந்ததும் சிரிப்பு வந்தது. பதினையாயிரம் பேர் இருக்கக்கூடிய அரங்கு, செம்மண் தரைக்கு மேலே நடுவில் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. யாரோ மீன்தொட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனது போல. எங்கள் இருக்கை உயரத்தில். பெண்கள் ஆட்டம், ஹெம்மா திரியாயும் டெல்ஃபி பிரேயாவும் ஒரு பக்கம். டென்னிஸ் கண்ணுக்கு என்ன நடந்தது தெரியுமா, பந்து ஆளைத் தாண்டியதும் புள்ளி முடிந்துவிட்டது என்று நான் கண்ணை எடுத்துவிடுவேன். ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அப்படி மகனிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அதே புள்ளி இன்னும் போகிறது!

எனக்கு விளங்கியது ஒரே ஒரு அடியில். பந்து ஒருவரைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பி அடிக்க நேரமில்லை. அவர் நெட்டுக்கு முதுகைக் காட்டியபடியே தன்னுடைய பின்சுவர்க் கண்ணாடியில் பந்தை ஓங்கி அடித்தார். அது கண்ணாடியில் பட்டு அவர் தலைக்கு மேலால் பறந்து, நெட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அண்ணன்மாரோடு கேரம் அடித்து வளர்ந்தவள் நான். முன்னால் வழியில்லாவிட்டால் கட்டையில் அடித்துத் திருப்பி எடுப்பதுதானே? அந்த நொடியில் டென்னிஸைக் கழற்றி வைத்துவிட்டு கேரம் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். பிறகு சுகம். கோணம் முன்கூட்டியே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கக்கேடு. அதற்கு இரண்டு நாள் முன்னம், பக்கத்துக் கோர்ட் ஒன்றில் ஆரம்பச் சுற்று. நாங்கள் முன்வரிசை. ஒருவர் அடித்த ஸ்மாஷ் தரையில் குத்தி, பக்கச் சுவருக்கு மேலால் வெளியே வந்தது, மகன் எழும்பி இரண்டு கையாலும் லாவகமாகப் பிடித்துவிட்டான். கிரிக்கெட் பிள்ளை. நானும் கைதட்டினேன். பார்த்தால் கோர்ட்டின் பக்கக் கதவு வழியாக ஒரு ஆட்டக்காரர் மட்டையோடு ஓடி வந்து எங்களுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்! வெளியே போன பந்தையும், இரண்டாம் முறை தரையில் குத்துவதற்கு முன்னம், வெளியே வந்து அடித்து உள்ளே அனுப்பலாம் என்பது எங்களுக்கு யார் சொன்னது? நல்லவேளையாக அந்தப் பந்தை அவரால் எட்டியிருக்க முடியாது, புள்ளி அடித்தவர்களுக்கே போனது. அவர் சிரித்தபடி கையை நீட்டினார், மகன் பந்தைக் கொடுத்தான், என் முகத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். மகனுக்கு இன்றுவரை ஒரே கவலை, அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுத்திருக்கத் தேவையில்லை என்பதுதான்.

*

அக்கா, உங்கள் மகன் பிடித்தது அவுட்தான், நான் தீர்ப்பு சொல்கிறேன் :)

நான் கோயம்புத்தூர். நேரில் பார்த்தது கிடையாது, எல்லாம் ஃபோனில்தான். ஆரம்பச் சுற்றுகளை யூடியூபில் பார்ப்பேன், பெரிய ஆட்டங்களை ரெட் புல் டிவியில். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு இது வசதி, ஐரோப்பா ஆட்டம் என்றால் சாப்பிடும் நேரம், புவனோஸ் ஐரிஸ் என்றால் பால்காரர் வரும் நேரம். சில நாள் ஸ்பானிஷ் வர்ணனையில்தான் பார்க்கிறேன், அதில்தான் உப்பு உறைப்பு இருக்கிறது.

எனக்குப் பிடிபட்டது ‘நெவேரா’ என்ற வார்த்தையில். ஸ்பானிஷில் ஃப்ரிட்ஜ். ஒரு ஆட்டத்தில் வர்ணனையாளர்கள் பத்து நிமிடமாக நெவேரா நெவேரா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், ஜோடியில் நன்றாக ஆடுகிறவரிடம் பந்தையே அனுப்பாமல் மற்றவருக்கே திரும்பத் திரும்ப அனுப்புவது. நல்ல ஆட்டக்காரர் ஃப்ரிட்ஜில் வைத்த தயிர் மாதிரி ஜில்லிட்டு நிற்பார். கிரிக்கெட்டில் செட் ஆன பேட்ஸ்மேனுக்கு ஸ்ட்ரைக் கொடுக்காமல் நசுக்குவது போலத்தான், ஆனால் இங்கே அது முழு செட்டும் நடக்கிறது. பந்து வரும் ஆளைவிட வராத ஆளைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமை போகும், தன் எல்லையைத் தாண்டிக் கூட்டாளியின் பந்தைப் பறிக்கப் போவார், அங்கேதான் ஓட்டை விழும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு ஹைலைட்ஸ் பிடிப்பதில்லை. ஹைலைட்ஸில் ஃப்ரிட்ஜைக் காட்டமாட்டார்கள்.

அப்புறம் இந்த ஜோடி மாற்றம் இருக்கிறதே, சீரியல் தோற்றுவிடும். 2024-இல் கலானும் லெப்ரோனும் பிரிந்தார்கள். எத்தனை வருடம் நம்பர் ஒன்னாக இருந்தவர்கள்! நான் அந்த ஜோடியின் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்து ரசிகனாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கலான் போய் சிங்கோட்டோவோடு சேர்ந்தார். சிங்கோட்டோ குள்ளம், ஓங்கி அடித்து வெளியே அனுப்பும் பலம் கிடையாது, இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கடுப்பில் இருந்தேன். இப்போது நான் சிங்கோட்டோ கட்சி. அந்த மனுஷன் தூக்கிப் போடும் பந்து பின்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் விழுகிறது, திரும்பத் திரும்ப, அலுக்காமல். கோயெல்லோ மாதிரி ஆளையே பின்னால் நடக்க வைக்கிறது.

பழையவர்களில் பேலஸ்தெகினைப் பற்றி யாராவது எழுதுங்கள். 2002 முதல் 16 வருடம் நம்பர் ஒன், 2024 கடைசியில்தான் ஓய்வு. தாபியாவும் ஒரு காலத்தில் அவருக்கு ஜோடி, கோயெல்லோவும் ஜோடி. இரண்டு பேருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஒன்றாகச் சேர்ந்ததும் எதிர்ப்பக்கம் நின்று அடி வாங்கினார் மனுஷன்.

*

துபாய். எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆட நன்றாக இருக்கிறது, பார்க்க முடியவில்லை. ஆண்கள் இறுதி என்றால் பாதிக்கு மேல் அதே நான்கு பேர், கோயெல்லோ தாபியா, எதிரில் கலான் சிங்கோட்டோ. ஒரே ஒரு விஷயம் பிடித்தது, பெரிய போட்டிகளில் 2025 வரை இருந்த அந்த கோல்டன் பாயிண்ட். 40-40 ஆனால் ஒரே புள்ளி, எடுத்தவனுக்கு கேம், சர்வீஸை யார் வாங்குவது என்று வாங்கும் ஜோடியே தீர்மானிக்கலாம் என்று இருந்தது. அந்த நேரம் இரண்டு பேரும் வாயை மூடிக் குசுகுசுப்பார்கள் பாருங்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்று பேசுவது போல. அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்காருவேன்.

*

தோஹா திரும்பவும். துபாய் தம்பி, பெண்கள் ஆட்டம் பாருங்கள், அங்கே ரேலி நீளம், யார் ஜெயிப்பார்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. கேரம் கண் என்று பாரிஸ் சகோதரி சொன்னதை இந்த வியாழக்கிழமை பின்மனைக் கூண்டில் முயன்று பார்த்தேன். நெட்டுக்கு முதுகைக் காட்டி, என் சுவரில் நானே ஓங்கி அடித்தேன். பந்து திரும்பி வந்து என் தாடையில் பட்டது. கூட ஆடிய மலையாளி சேட்டன் உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து.

பெரியவர் ஊருக்குப் போய்விட்டார். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆட்டம் நடக்கும்போது வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்புவார், முக்கால்வாசி ஸ்பானிஷ், நடுவில் உறிஞ்சுகுழல் சத்தம். சிக்கல் என்னவென்றால் அவர் வீட்டு டிவி என் ஃபோனைவிட அரை நிமிடம் முன்னால் ஓடுகிறது. இங்கே நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தாபியா இன்னும் சர்வீஸே வாங்கியிருக்கமாட்டார், அங்கிருந்து ஒரு வாய்ஸ் வந்து விழும். அதைத் திறக்க வேண்டியதே இல்லை. மூன்று விநாடி வாய்ஸ் என்றால் ஜெயித்தாயிற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் தோற்றுவிட்டார்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.