வேலைக்குப் போய்க்கொண்டே யூனிசா பி.காம்.: ஒரு செமஸ்டருக்கு எத்தனை பாடம் எடுக்கலாம்?

சாட்ஸ்வொர்த்39:
வணக்கம். வயது 39, டர்பனில் ஒரு கிடங்கில் கணக்குப் பிரிவு கிளார்க். இரண்டு பிள்ளைகள். 2019ல் யூனிசாவில் (தென்னாப்பிரிக்காவின் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகம்) பி.காம். சேர்ந்தேன், சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற வேகத்தில் ஒரே செமஸ்டரில் ஐந்து பாடம் எடுத்தேன். இரண்டுக்கு அசைன்மென்டே அனுப்ப முடியாமல் தேர்வு எழுதும் அனுமதி போனது, எழுதிய மூன்றில் ஒன்றுதான் தேறினேன், கட்டிய பணம் போனது போனதுதான். அதோடு விட்டுவிட்டேன். இப்போது நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன், டிகிரி இருக்கிறது என்று எனக்கே மேலாளராக வந்திருக்கிறான். அவன் மேல் கோபம் இல்லை, நல்ல பையன்தான், ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. மறுபடி விண்ணப்பித்து இடம் கிடைத்திருக்கிறது. நாலு பாடம் எடுத்தால் தாங்குமா? மெதுவாகப் போனால் ஐம்பது வயசாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர்.

ஃபீனிக்ஸ் அக்கா:
நாலு வேண்டாம் தங்கச்சி. போன தடவை அகலக்கால் வைத்ததுதான் வினையாகப் போனது. டிகிரிக்கு 360 கிரெடிட், பாடத்துக்கு 12 என்றால் மொத்தம் 30 பாடம். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கணக்கு, ஆக ஒரு பாடத்துக்கு 120 மணி. செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தாலும் நாலு பாடத்துக்கு வாரம் 32 மணி நேரம் வேண்டும், அது இன்னொரு வேலைக்குப் போகிற மாதிரி! இரண்டு எடுத்தால் 16 மணி, அதை எப்படியாவது தேற்றிவிடலாம்.

நான் 41ல் சேர்ந்து 48ல் முடித்தேன். பாத்திரம் கழுவி வைத்ததும் அதே சமையல் மேசையில் எட்டரையிலிருந்து பத்தரை வரை, சனிக்கிழமை காலையில் டர்பன் மையத்து நூலகம். என் ஸ்டடி கைடில் பாதிப் பக்கம் மஞ்சள் கறைதான். முதல் அசைன்மென்டைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதே, கேள்வி கைக்கு வந்த வாரமே ஆரம்பித்துவிடு.

டொங்காட் தம்பி:
அக்கா சொல்வது சரி. இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் படிப்பு விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை, வாரம் ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்கு 15 வேலை நாள் விடுப்புதான். அதைத் தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் கரைக்காமல் தேர்வுக்கு முந்தின நாட்களுக்கு வையுங்கள். அப்புறம், தேர்வு இப்போது பெரும்பாலும் ஆன்லைனில். 2022ல் நான் எழுதிக்கொண்டிருந்தபோது லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்து வைஃபை நின்றது, போன் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்துத்தான் பதிலை ஏற்றினேன். லேப்டாப், போன் இரண்டிலும் முழு சார்ஜ், கையில் தனியாக டேட்டா, இது இல்லாமல் உட்காராதீர்கள்.

மெரேபேங்க் மாமா:
அம்மா, பாதியில் விட்டதை நினைத்து மனம் குன்ற வேண்டாம். மண்டேலா 1952ல் விட்ஸ் பல்கலைக்கழகத்தைப் பட்டம் வாங்காமலே விட்டார், சிறையிலிருந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்ததும் முடியவில்லை, கடைசியில் சிறையில் இருந்தபடியே 1989ல் இதே யூனிசாவில்தான் சட்டப் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. உன் வீட்டுக்காரரிடம் சொல், எப்படியும் ஐம்பது வரத்தான் போகிறது, வரும்போது கையில் பட்டம் இருக்கட்டும். பதிவு செய்வதற்கு முன்பு, 2019ல் தேறிய பாடம் இன்னும் செல்லுமா, எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

சாட்ஸ்வொர்த்39:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த 120 மணிக் கணக்கை யாரும் எனக்கு முன்பு சொல்லவில்லை, நேற்று ராத்திரி அதைத் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவரே இரண்டு போதும் என்றுவிட்டார். பழைய பாடத்தைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. அக்கா, நூலகத்துக்கு இன்னும் யாராவது சனிக்கிழமை போகிறார்களா? சின்னவளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அங்கே வந்துவிடுவேன்.