கொல்லங்குடி காளியைக் கும்பிடப் போகிறவர்களுக்கு உடையாளைத் தெரியுமா?

வைகைக்கரையான்: போன வாரம் சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடி பக்கம், அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். அநியாயம் செய்தவரைக் காளி தண்டிக்கட்டும் என்று காசு வெட்டிப் போட வந்தவர்கள் அதில் நிறையப் பேர். ஓர் அம்மா ஈரச் சேலையோடு நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தார். நகையை வாங்கிப்போய் இல்லையென்று சாதிக்கிறவளைக் காளி கேட்கட்டுமாம். சரிதான். ஆனால் 1772-ல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையிடம் (கிழக்கிந்தியக் கம்பெனிதான்) உயிர்விட்ட பிறகு, அவர் மனைவி வேலு நாச்சியார் தப்பிப்போன வழியைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்ட, மாடு மேய்த்த பெண் உடையாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவள் வெட்டுப்பட்ட இந்த இடத்தில்தான் நாச்சியார் தன் தாலியையே காணிக்கையாக வைத்தார் என்கிறார்கள். அது தெரியாமல் கும்பிட்டு என்ன பயன்?

ஓலைச்சுவடி: நாச்சியார் ஐதர் அலி உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டது வரலாறு. உடையாள் செவிவழிக் கதை. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டுங்கள், பேசுவோம்.

மறவமங்கலத்தான்: அண்ணே, மாடு மேய்த்த பிள்ளையை வெட்டியதைக் கும்பினிக்காரன் கணக்கில் எழுதிவைப்பானா? எழுதப் படிக்கத் தெரியாத சனம் சாமியாக்கித்தான் ஒருத்தியை மறக்காமல் வைத்திருக்கும்.

ஓலைச்சுவடி: நம் ஆட்களுக்கு எழுதத் தெரியாது என்று யார் சொன்னது தம்பி? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். கூடலூர் ஆகோளில் செத்த தீயன் அந்தவனின் பெயர் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் அப்படியே இருக்கிறது. 2000 வருடத்துக்கு மேல் பழையது. ஆகோள் என்றால் மாடு கவர்கிற சண்டை; அதில் செத்தவனுக்கே பெயர் வெட்டியிருக்கிறார்கள். உடையாள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

மறவமங்கலத்தான்: எழுத்தே இல்லாத நடுகற்கள் கண்மாய்க் கரைகளில் எத்தனை கிடக்கின்றன! அதெல்லாம் சாகாதவர்களுக்கு நட்டதா?

ஓலைச்சுவடி: அப்படி ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் என்ன கேட்டான், அவள் என்ன பதில் சொன்னாள் என்று வாட்ஸ்அப்பில் வசனம் வசனமாக வருகிறதே, அதைப் பக்கத்தில் நின்று எழுதியது யார்? போதாக்குறைக்கு ஆளாளுக்குத் தங்கள் சாதியை வேறு அவள் தலையில் கட்டுகிறார்கள். இன்னும் பிறந்தநாள் போஸ்டர்தான் பாக்கி.

பச்சைமிளகாய்: வரலாறு கிடக்கட்டும். வரப்புத் தகராறில் எங்கள் மேல் சொந்தக்காரர் ஒருவர் அங்கே போய்க் காசு வெட்டிவிட்டார். அப்பாவுக்குச் சளி பிடித்தால்கூட அதனால்தான் என்கிறார் அம்மா. கன்று செத்ததும் அதனால்தானாம். இதற்குப் பெயர் நியாயமா, மிரட்டலா? 2011 நாணயச் சட்டப்படி காசை அழிப்பதே குற்றம்!

வைகைக்கரையான்: சமாதானமாகிவிட்டால் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து கும்பிட்டுத் தீர்த்துக்கொள்கிற வழக்கமும் அங்கே உண்டு. கோர்ட்டில் பத்து வருடம் வாய்தா வாங்கியவனிடம் கேட்டுப் பாருங்கள், காளி எவ்வளவோ தேவலை என்பான்.

மறவமங்கலத்தான்: அநியாயமாக ஒரு பெண்ணை வெட்டிய இடத்துக்குத்தானே நியாயம் கேட்டுப் போவார்கள்? காசு வெட்டுகிற வழக்கமே உடையாளுக்குச் சாட்சி.

ஓலைச்சுவடி: நியாயம் கேட்கிற காளியும் கருப்பரும் ஊருக்கு ஊர் உண்டு. அங்கெல்லாம் ஓர் உடையாள் செத்தாளா? வழக்கம் ஒன்று, கதை ஒன்று. இரண்டையும் பின்னாளில் யாராவது முடிச்சுப் போட்டிருக்கலாம்.

மறவமங்கலத்தான்: போட்டிருக்கலாம் என்கிறீர்களே, அதற்கு மட்டும் ஆவணம் வேண்டாமா?

பச்சைமிளகாய்: ஐயா, உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். காசு வெட்டியவர் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறார். நாங்கள் மட்டும் போய்க் கும்பிட்டால் தீருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி: முதலில் சர்வேயரைக் கூப்பிட்டு வரப்பை அளந்துவிடுங்கள்.