ஆமா என்றான், நானும் ஆமா என்றேன்

செட்டர்:
கல்லூரி வாலிபால் குழுவோடு நேபாளம் போயிருந்தோம். அங்கே அதுதான் தேசிய விளையாட்டு, 2017இல் அறிவித்தார்கள். மூன்று நட்பு ஆட்டங்கள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்குக் காட்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பிஸ்கட், இரண்டு பந்து, பேனர் பிடித்து ஒரு போட்டோ.

ஏழு வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு. போன ஐந்தாவது நிமிடமே என் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவேயில்லை. 'தாய், தாய்' என்று கூப்பிட்டான். நேபாளியில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறடி ஆள் தாயாகிவிட்டான் என்று குழுவில் ஒரே சிரிப்பு. கிளம்பும்போது மதிலுக்கு அப்பால் தெரிந்த மலையைக் காட்டி 'ஆமா' என்றான். நானும் தலையாட்டி 'ஆமா ஆமா' என்றேன். அவன் விடாமல் சொன்னான், நானும் விடாமல் சொன்னேன். பசங்கள் வீடியோ எடுத்தார்கள்.

பஸ்ஸில் அதைப் பார்த்த டிரைவர்தான் சொன்னார், நேபாளியில் ஆமா என்றால் அம்மா.

வீடியோவில் ஒன்பது முறை தலையாட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன்.

கோலி:
எங்களுடையது கால்பந்து. கம்போடியா, சியம் ரீப். காலையில் அங்கோர் வாட், மதியம் இல்லம். ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. பிள்ளைகள் எங்களுக்காக நடனம் ஆடினார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி கை அசைவு பிசகாமல் கொட்டாவி விட்டாள். அது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனாலும் செட்டர், நீங்கள் இதைப் பெரிதாக்குகிறீர்கள். பாஷை தெரியாதது ஒரு குற்றமா? அந்தப் பையன் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தான், அது போதாதா?

லாங் ஜம்ப்:
போதாது கோலி. அந்தக் கொட்டாவியே பதில் சொல்லிவிட்டதே!

என் கதை சின்னது. தடகளக் குழுவோடு போன ஓர் இல்லத்தில், மடியில் ஏறிய குழந்தையை இறக்கிவிட்டபோது என் சட்டைப் பொத்தான் அறுந்து அதன் கையோடு போனது. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்படிப்பட்ட இல்லங்களில் உள்ள குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பா அம்மாவில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று 'சேவ் தி சில்ரன்' என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம் 2009லேயே எழுதியது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். அந்தச் சமயத்தில் ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குப் போன தரகர்கள், படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடமே பணம் வாங்கிப் பிள்ளைகளைக் காட்மாண்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். பயணிகள் வரவர இல்லங்களும் பெருகின. இப்படி இல்லங்களைப் பார்க்கப் போகும் சுற்றுலாவின் கெடுதலைப் பற்றி 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே பேசியது. முன்பின் தெரியாதவர் மடியில் குழந்தை சட்டென்று ஏறுவதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கவனிப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளரும் பிள்ளைகளிடம் அது அடிக்கடி காணப்படுவதுதான். அடுத்த குழுக்களுக்குச் சொல்வேன்: இல்லத்துக்குப் போகாதீர்கள். பக்கத்துப் பள்ளி அணியோடு ஓர் ஆட்டம் போடுங்கள், சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். காசு கொடுப்பதென்றால் பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பவர்களுக்குக் கொடுங்கள். அப்புறம் அந்த போட்டோ...

பழைய பிள்ளை:
நிறுத்துங்கள் லாங் ஜம்ப். நான் இல்லத்தில் வளர்ந்தவன். வெளிநாட்டுக் குழுக்கள் எங்களிடமும் வந்தன. வராமலிருந்தால் பந்தைத் தொட்டே இருக்க மாட்டேன். ஒரு கேப்டன் எனக்கு சர்வீஸ் போடக் கற்றுக் கொடுத்தார், அடுத்த வருடம் வருகிறேன் என்றார். வரவில்லை, பரவாயில்லை. அதற்காக அந்த ஒரு மணி நேரத்தைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.

உறுத்துவது வேறு. பஸ் திரும்பியதும் பந்து ஆபீஸ் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த குழு வரும்போது அதே பந்து புதுசு போல வெளியே வரும்.

செட்டர்:
நாங்கள் கொடுத்த இரண்டு பந்தையும் வாங்கியவர் அங்கேயே காற்றை இறக்கித்தான் எடுத்து வைத்தார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.