புதுப்பிப்பு: நூலகத்தில் தண்ணீர்ப் பட்டறை, எது பலித்தது

ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன்: சிவகங்கைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் 8–12 வயதுப் பிள்ளைகளுக்குக் கோடைப் பட்டறை, பொருள் தண்ணீர், மிரளாமல் கவிதை எழுதவைப்பது எப்படி, நீர்வண்ணத்தில் என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, “முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் தண்ணீர்ச் சொற்கள் கேட்டு வரச் சொல்லுங்கள்” என்ற யோசனை. கண்மாய், ஊருணி, மடை, கலுங்கு, ஏந்தல் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு சொல், அது பேசுவதுபோல் நான்கு வரி. கலுங்கு என்பது கண்மாய், அதாவது ஏரி, நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் இடம். “வயிறு நிறைஞ்சா நான்தான் ஏப்பம் விடுவேன்” என்று எழுதினாள் ஒரு சிறுமி. எதுகை கேட்காமல் விட்டதே நல்லதாயிற்று.

ஓவியத்தில், மெழுகுவர்த்தியால் கோடு போட்டு மேலே வண்ணம் பூசுவது உடனே கைவந்தது. ஈர வண்ணத்தில் உப்புத் தூவியதுதான் முதல் நாள் சொதப்பல். மின்விசிறிக் காற்றில் தாள் காய்ந்துவிட்டது. தாளில் ஈர மினுமினுப்பு இருக்கும்போதே தூவ வேண்டும். விசிறியை நிறுத்திக் கல் உப்புப் போட்டதும் வண்ணம் பூப்பூவாக விரிந்தது. மே மாத வெக்கையைப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள், நூலகர்தான் வெளியே போய்விட்டார். சாதாரண வெள்ளைத்தாள் சுருண்டுவிடும். கெட்டியான வரைதாள் வாங்குங்கள்.