பிளெட் ஏரியைச் சுற்றி நடந்தவர்கள் எழுதுங்கள்

பாதசாரி:
ஸ்லோவேனியாவுக்குப் போனவர்கள் எல்லோரும் இந்த ஏரியைச் சுற்றியிருப்பீர்கள். ஆறு கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத பாதை, நடுவில் தீவு, தூரத்தில் ஜூலியன் ஆல்ப்ஸ். நான் விவரிக்க வேண்டியதில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அந்தத் தீவின் மணி.

கணவனை இழந்த ஒருத்தி அவன் நினைவாகச் செய்வித்த மணி படகோடு ஏரியில் மூழ்கிவிட்டதாம். அதற்கு ஈடாக வந்ததுதான் இப்போது தீவின் மாதா கோயிலில் இருக்கும் 1534ஆம் ஆண்டு மணி. அதை அடித்து வேண்டிக்கொண்டால் நிறைவேறும் என்பார்கள். நடக்கும்போது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா தவறி அப்போது எட்டு மாதம்.

மேற்குக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மோட்டார் படகுக்கு அனுமதியில்லாத ஏரி. மணியோசை தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "யாருக்கு என்ன குறையோ, பாவம்" என்றார். ஐந்தாறு தடவை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைப் புல்லில் பதித்தபடி தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீவில் இறங்கியதும் 99 படிகள், அவருக்கு முழங்கால் வலி என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மலைக்காற்று:
99 படிகள் ஒரு காரணமே அல்ல. அகலமான கற்படிகள், நின்று நின்று ஏறலாம். மணமகளைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஏறும் வழக்கமே அங்கே உண்டு. அடுத்த முறை பிளெட்னா படகில் போங்கள். படகோட்டி நின்றபடியே இரண்டு துடுப்புகளையும் வலிப்பார். தீவில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போனால் படகையும் நடையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பஸ்ஸை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். மேற்குக் கரையிலிருந்து மாலா ஓசோய்னிட்சா குன்றில் ஏறாமல் யாரும் திரும்பக் கூடாது, 685 மீட்டர்தான். நான் விடியலில் ஏறினேன். ஏரி முழுக்க மூடுபனி. கோயில் கோபுரத்தின் நுனி மட்டும் வெளியே. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஈரமண்:
மேலே எழுதியவருக்கு: "685 மீட்டர்தான்" என்று எழுதாதீர்கள். அது கடல் மட்டத்திலிருந்து. ஏரி 475 மீட்டரில் இருக்கிறது. ஆக, 200 மீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம், வழியில் ஏணி போன்ற இரும்புப் படிக்கட்டு. மழை விட்டு அரை மணி நேரத்தில் இறங்கினோம். ஈர வேரில் கால் வழுக்கி என் மனைவி சரிந்தபோது, பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒருவர் அவளுடைய முதுகுப்பையின் பட்டையைப் பிடித்து நிறுத்தினார். பட்டையில் ஒரு தையல் பிரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். மழை நாளில் ஏரியைச் சுற்றும் பாதையே போதும்.

பாதசாரி:
படிகளைப் பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொல்வது சரி. அன்று காலையில்தான் அம்மா என்னோடு ஏரிக்கு மேலே பாறையில் இருக்கும் கோட்டைக்கு நடந்தே ஏறியிருந்தார். வழியில் ஒரு முறைகூட உட்காரவில்லை.