எது சிறந்த கார் இன்ஜின்? பஞ்சாயத்துக்கு ஆள் தேவை

மன்னார்குடியில் எங்கள் டீக்கடைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, கொஞ்சம் உதவுங்கள் நண்பர்களே. மச்சான் டொயோட்டாவின் 2ஜேஇசட் இன்ஜின் கட்சி: மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அழுத்தத்தை ஏற்ற ஏற்றத் தாங்கும் என்கிறான். சரி, தாங்கும்தான், ஆனால் பிற்பாடு பெரிய டர்போ மாட்டி எடுக்கிற சக்தியை எல்லாம் இன்ஜின் கணக்கில் எழுதலாமா? என் ஓட்டு மெக்லாரன் எஃப்1 காருக்கு பிஎம்டபிள்யூ செய்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் வி12 இன்ஜினுக்குத்தான். டர்போவே இல்லாமல் 627 குதிரைத்திறன், அதுவும் 1990களில். நடுவில் ஒரு தம்பி ஹோண்டா எஸ்2000 காரின் இன்ஜினை இழுத்துவிட்டான், வெறும் இரண்டு லிட்டர், 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). (நாங்கள் பிரித்துப் பார்த்தது டிராக்டர் இன்ஜின் மட்டும், அது வேறு விஷயம்.) எதை வைத்துத் தீர்ப்பது, லிட்டருக்கு எவ்வளவு சக்தி என்றா, எத்தனை வருடம் உழைக்கும் என்றா? இவற்றில் கைவைத்த மெக்கானிக் யாராவது இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.