ஆர்.என்.ஏ.மீது ஏறும் மெத்திலுக்குச் சரியான உவமை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். ஆர்வமுள்ள பிளஸ் டூ மாணவர்களுக்கு, ஆர்.என்.ஏ.வை வேதிமுறையில் மாற்றும் நொதிகளைப் பற்றிச் சனிக்கிழமைகளில் சொல்லி வருகிறேன்.

புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான அடினோசின்மீது மெட்டில்3 நொதி, மெட்டில்14இன் துணையுடன், மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியை ஏற்றுவதையும், எஃப்.டி.ஓ. நொதி அதை நீக்கவல்லது என்று 2011இல் கண்டறியப்பட்டதையும் விளக்குவதற்காக, கரும்பலகையில் 'க' எழுதி, மேலே புள்ளி வைத்து 'க்' ஆக்கிக் காட்டினேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் புரதமும் மாறிவிடுமா, சார்?" என்றாள். உவமை அங்கேயே உடைந்தது. புள்ளி எழுத்தின் ஒலியையே மாற்றிவிடுகிறது; ஆனால் மெத்தில் ஏறினாலும் அடினோசின் பொதுவாக அடினோசினாகவே படிக்கப்படுகிறது. அந்தத் தூது எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கும், எவ்வளவு புரதம் தரும் என்பவையே மாறுகின்றன. என் புள்ளி உண்மையில் ஏடார் நொதிக்குத்தான் பொருந்தும்: அது அடினோசினை இனோசினாக்க, புரதம் செய்யும் ரைபோசோம் அதைக் குவானோசின் என்ற வேறோர் எழுத்துபோலப் படிப்பதால் புரதத்தின் அமினோ அமிலமே மாறக்கூடும். (யூரிடின் என்ற ஆர்.என்.ஏ. எழுத்தின் மாற்றுவடிவமான சூடோயூரிடினை விளக்குவது சிரமம் தரவில்லை, இத்தகைய மாற்றங்களை ஆராய்ந்த கரிக்கோ, வைஸ்மன் இருவரின் 2023 நோபல் பரிசும் அந்த ஆய்வு வழிவகுத்த கொரோனா தடுப்பூசியும் கைகொடுத்தன.)

மாங்கூடையின்மீது 'முதலில் இறக்கு' என்று சாக்பீஸில் இடும் குறி, பழத்தை மாற்றாமல் அதன் போக்கை மட்டும் மாற்றுகிறதே, அதைச் சொல்லலாமா? குறியைப் பார்த்து இறக்குபவர், மெத்திலை இனங்காணும் புரதத்துக்கு ஈடாவார். இதில் பிழை இருந்தால் திருத்துங்கள். குறியை ஏற்றும், நீக்கும், இனங்காணும் புரதங்களுக்கு வகுப்பில் நீங்கள் வழங்கும் தமிழ்ச் சொற்களையும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.